வேல் போட்ட தார்ப்பாய் உறை

போன வாரம் மாமா ராசிபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்தவர் உட்காரவில்லை, தண்ணீர் கூட வாங்கிக் குடிக்கவில்லை. "அந்தத் தார்ப்பாய் உறை இன்னும் உங்கிட்டத்தானே இருக்குது சாமி?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. அது பரண்மேல் பெரிய இட்லிப் பானைக்குள் மடித்துக் கிடப்பது எனக்கு நன்றாகத் தெரியும். பச்சை நிற லாரித் தார்ப்பாயை வெட்டி, கோணி ஊசியால் தைத்து, வாயில் எலாஸ்டிக் கோத்த முதுகுப்பை உறை அது. அதன் முதுகில் வெள்ளைப் பெயிண்டில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஒரு வேல். எத்தனையோ தடவை தூக்கிப் போட எடுத்திருக்கிறேன். சாமி சின்னமாயிற்றே என்று திரும்பவும் பானைக்குள்ளேயே வைத்துவிடுவேன்.

மாமா என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தார். ஜவ்வரிசி, முட்டை, மாட்டுத்தீவனம் என்று எந்தச் சரக்கு எந்தத் திசைக்குப் போக வேண்டுமானாலும் வண்டி பிடித்துக் கொடுப்பார். சொந்த வண்டிகளும் இருந்தன, அவற்றின் தார்ப்பாய்களில் எல்லாம் இந்த வட்டமும் வேலும் இருக்கும். மங்களூரில் காஸ் ஏற்றும் டேங்கர் டிரைவர்களில் பாதிப் பேர் அவருக்குப் பழக்கம். குணத்தைச் சொல்ல வேண்டுமென்றால், தங்கமான மனுஷர். அதுதான் என் கஷ்டமே. கெட்டவர் ஒருவர் நமக்குக் கெடுதல் செய்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு மனசை ஆற்றிக்கொள்ளலாம். நல்லவர் ஒருவர் நல்லது செய்கிறேன் என்று நம் பிழைப்பைக் கெடுத்தால் யாரிடம் போய்ச் சொல்வது? அக்காவிடம் ஒரு தடவை சொன்னேன். அவர் உன்மேல் வைத்த பாசத்துக்கு இதுதான் பலனா என்று கேட்டாள். அதற்குப் பிறகு நான் யாரிடமும் சொல்லவில்லை.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. வெண்ணந்தூர்ப் பக்கம் ஒரு துணிக் கம்பெனியில் தறியிலிருந்து வரும் துணியைக் குறை பார்க்கும் வேலையில் இருந்தேன். கொச்சியில் ஒரு பெரிய ஏற்றுமதிக் கம்பெனியில் அதே வேலைக்குக் கூப்பிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். சேலத்துக்குக் கூடத் துணை இல்லாமல் போகாதவள் கேரளாவில் போய்த் தனியாக என்ன செய்வாள் என்றார். துணை இல்லாமல் என்னை அனுப்பாதது அவர்தான் என்பது அவருக்கு ஞாபகம் வரவில்லை. அந்தச் சமயத்தில் எனக்காகப் பேசினவர் மாமா ஒருத்தர்தான். அப்பா முன்னால் நின்று, "ஒருக்கா எங்கியாவது தனியாப் போயிட்டு முழுசாத் திரும்பி வருட்டுங்க மாமா. வந்துட்டான்னா வேலைக்கு அனுப்புங்க, நானே வந்து பேசறேன்" என்றார். அப்பா யோசித்துவிட்டு, சரி பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்பது அப்பாவின் வாயில் பெரிய வார்த்தை.

எங்கே போவது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஏரி நிரம்பினாலே ஊர்கூடி வேடிக்கை பார்க்கும் சீமையில் பிறந்தவள் நான். கடலை ஒரே ஒரு தடவை, டூரிஸ்ட் வேனில் ராமேஸ்வரம் போனபோது, இரண்டு பக்கமும் இரண்டு அத்தைகள் கையைப் பிடித்துக்கொண்டிருக்க முழங்கால் அளவுக்குப் பார்த்திருந்தேன். கர்நாடகத்துக் கடற்கரையில் முருடேஸ்வரத்திலிருந்து கோகர்ணம் வரைக்கும் பையை முதுகில் மாட்டிக்கொண்டு நடக்கிறார்கள், மணல் முடிந்தால் பாறை, பாறை முடிந்தால் மலைமேட்டுப் பாதை, ராத்திரி ஹாஸ்டலில் படுக்கை என்று போனில் பார்த்து வைத்திருந்தேன். படிப்பை முடித்தவளுக்கு எதற்கு ஹாஸ்டல் என்று அப்பா கேட்டார். ஒரு ராத்திரிக்கு ஒரு கட்டில் மட்டும் வாடகைக்குத் தருகிற இடம் என்று விளக்கினேன். அவருக்கு அது இன்னும் மோசமாகப் பட்டது.

கிளம்புவதற்கு முந்தின நாள் மாமா அந்த உறையைக் கொண்டுவந்து கொடுத்தார். அந்தப் பக்கம் மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது, கடையில் விற்கிற உறை ஒரு மழைக்குத் தாங்காது, இது லோடுக்குப் போடுகிற தார்ப்பாய், ஒரு சொட்டு இறங்காது என்றார். ஊசி ஏறிய விரலைத் துணியால் சுற்றியிருந்தார், அவரே உட்கார்ந்து தைத்திருக்கிறார். வேல் ஏன் நடு முதுகில் வந்தது என்று கேட்டதற்கு, கிடைத்த துண்டு அப்படி என்றார். நானும் நம்பினேன். அவரிடம் போய் வருகிறேன் என்று சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

முருடேஸ்வரத்தில் இறங்கி நடக்க ஆரம்பித்த முதல் நாள் நான் யாரோடும் பேசவில்லை. கறுப்புப் பாறைகளுக்கு நடுவே அலை புகுந்து வெளியே வந்துகொண்டிருந்தது. மேட்டில் ஏறினால் காற்று ஆளைத் தள்ளியது. ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் கடல், நடுவில் எங்கே போகிறாய் என்று கேட்க ஆளில்லாத நான். எனக்குப் பாட வேண்டும்போல இருந்தது, பாடினேன். சாயங்காலம் ஹாஸ்டலில் இரண்டடுக்குக் கட்டிலில் கீழே எனக்கு இடம், மேலே புனேக்காரப் பெண் ஒருத்தி. அவளும் தனியாக நடப்பவள்தான். இருவரும் செருப்பைக் கழற்றிக் கொப்புளத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, வாசலில் லுங்கி கட்டிய ஒருவர் வந்து நின்றார். நம்ம ஊருங்களா என்று கேட்டார். டேங்கர் ஓட்டுகிறவராம், திருச்செங்கோட்டுக்காரராம். கையில் தயிர்சாதப் பொட்டலம். ஊர்க்காரரைப் பார்த்த சந்தோஷத்தில் வாங்கிச் சாப்பிட்டேன். தற்செயல் என்றே நினைத்தேன், அவ்வளவு அப்பாவி நான்.

ஹொன்னாவரில் இன்னொருவர் வந்தார். வண்டிக்குப் பக்கத்தில் ஸ்டவ் வைத்துத் தக்காளிக் குழம்பு வைத்தேன் என்று ஒரு தூக்குப்போசியை நீட்டினார். அங்கேயும் வந்து தங்கியிருந்த புனேக்காரி சிரித்தாள், உனக்கு ஊர்தோறும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்களா என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கும்டாவில் மூன்றாவது ஆள் ஹாஸ்டல் கேட்டுக்குப் பக்கத்திலேயே காத்திருந்தபோது, யார் சொல்லி வந்தீர்கள் என்று நேராகவே கேட்டுவிட்டேன். அவர் ஒளிக்கவில்லை. பெருமையாகத்தான் சொன்னார்.

"உங்க மாமாதானுங்க சொன்னாரு. பச்சைப் பையி, முதுகுல வேல் போட்டிருக்கும், ஒத்தப் புள்ளையா நடந்து வருமுன்னாரு. மங்களூருலருந்து இங்க வரைக்கும் நம்ம வண்டி எல்லாத்துக்கும் சொல்லி உட்டிருக்குதுங்க."

அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. நான் பாட்டுப் பாடிக்கொண்டு நடந்த பாதைக்கு ஒரு கூப்பிடு தூரத்தில் ஹைவே. அதில் போன ஒவ்வொரு டேங்கரிலும் ஒரு கண் என் முதுகைப் பார்த்து, போனில் நாமக்கல்லுக்குச் சொல்லியிருக்கிறது. லோடு எங்கே போகிறது, எந்தச் செக்போஸ்ட் தாண்டிவிட்டது என்று வண்டிக்கு வண்டி விசாரிப்பார்களே, அந்த மாதிரி என்னையும் விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு மழைக்கென்று தைத்துக் கொடுத்த உறை, லோடுக்கு ஒட்டுகிற அடையாளம். அதை நானே சுமந்து, நானே நன்றி வேறு சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் காலையில் உறையைக் கழற்றிப் பைக்குள் திணித்தேன். கும்டாவிலிருந்து கிளம்பிவிட்டேன் என்று அக்காவுக்கு ஒரு வரி அனுப்பிவிட்டு நடந்தேன். ஆற்றுமுகத்தில் படகேறி அந்தக் கரையில் இறங்கியதும் மழை பிடித்தது. சாதாரண மழையில்லை, கொட்டு கொட்டென்று கொட்டியது. பை நனைந்தது, துணி நனைந்தது, போன் நனைந்து அணைந்து, அன்றைக்கு முழுதும் உயிர்பெறவில்லை. நான் ஓரிடத்திலும் ஒதுங்கவில்லை. மலைமேட்டில் வழி தவறி, ஒரு மீன்காரம்மாவிடம் கைஜாடையில் கேட்டு, வழுக்கி விழுந்து, எழுந்து, கோகர்ணத்தில் இருந்த ஹாஸ்டலுக்குப் போய்ச் சேர்ந்தேன். என் ஆயுசில் நான் தனியாக இருந்த ஒரே நாள் அதுதான். என்னால் முடியும் என்று அப்பாவிடம் சொல்ல என்னிடம் இருந்த ஒரே சாட்சியும் அந்த நாள்தான்.

ஆனால் கோகர்ணத்து பஸ் ஸ்டாண்டில் ஒரு டிரைவர் வேல் போட்ட பையைத் தேடிவிட்டு, காணோம் என்று சொல்லியிருக்கிறார். என் போனும் கிடைக்கவில்லை. மாமா காரை எடுத்துவிட்டார். மறுநாள் விடிந்து நான் பல் விளக்கிக்கொண்டு வரும்போது, ஹாஸ்டல் கூடத்தில், அரைக்கால் சட்டை போட்ட வெள்ளைக்காரர்களுக்கு நடுவே, கசங்கின வேட்டியோடு நிற்கிறார். கண் இரண்டும் சிவந்திருந்தன. பிடிபிடியென்று பிடித்துவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் முந்திக்கொண்டார். "உசுரே போயிருச்சு சாமி, ஏன் இப்படிப் பண்ணிப்போட்டே?" என்றார். பண்ணியது நானாம்.

இன்னும் பார்க்க வேண்டிய கடற்கரைகள் இருந்தன. காரில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். வழியெல்லாம் வேண்டியதை வாங்கிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் அப்பா, "நம்ம வண்டிக்காரங்க பாத்துக்கிட்ட வரைக்கும் பத்திரமா இருந்தா. அவங்க கண்ணுல படாத ஒரு நாள்ல மாமாவே ஓட வேண்டியதாப் போச்சு" என்றார். தீர்ப்புச் சொல்லிவிட்டார். நான் மாமாவைப் பார்த்தேன். நானே வந்து பேசுகிறேன் என்றவர் அவர்தானே. அந்த ஒரு நாள்தான் அவள் தனியாக இருந்தாள், அந்த நாளிலும் முழுசாகத்தான் போய்ச் சேர்ந்தாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் காபித் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். கொச்சிக்காரர்கள் வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். அடுத்த தையில் எனக்குக் கல்யாணம், சாப்பாட்டுப் பந்தியை முன்னால் நின்று கவனித்தவர் மாமா. ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் பரிமாறினார் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். நான் இப்போதும் துணியில் குறை பார்க்கிறேன், ஆட்டையாம்பட்டியில், பஸ்ஸில் போய் பஸ்ஸில் வந்துகொண்டு.

இவ்வளவையும் இப்போது சொல்லக் காரணம், அவர் உறையைக் கேட்டு வந்தது அவருடைய மகளுக்காக. படிப்பை முடித்த பெண், அதே கடற்கரைக்கு, அதேபோல் தனியாகப் போகிறாள். என் போனில் இருந்த பழைய படங்களைப் பார்த்து வந்த ஆசை. மாமா இப்போது முட்டி வலியில் ஆபீஸுக்குப் போவதில்லை, ஆனால் டிரைவர்கள் எல்லோருடைய நம்பரும் வைத்திருக்கிறார். "மழைக்குத்தான் சாமி" என்றார்.

நாளைக்குத் தருகிறேன் என்று அனுப்பிவிட்டு, உறையை எடுத்துத் தையல் மெஷினில் உட்கார்ந்தேன். எலாஸ்டிக்கைப் பிரித்தேன். உள்பக்கத்தை வெளியே திருப்பி மறுபடி தைத்தேன். வேல் உள்ளே போய்விட்டது, வெளியே வெறும் பச்சை. மறுநாள் வந்த மாமா அதைக் கையில் வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"வேலு உள்ள போயிருச்சே?"

"உள்ளயே இருக்கட்டுங்க மாமா. முருகன் பாத்துக்குவாரு. டிரைவருங்க பாக்க வேண்டாம்."

அவர் தையலை விரலால் இழுத்துப் பார்த்துவிட்டு, மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார். அவர் நினைத்தால் உறையை ஒரே நொடியில் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

நேற்றுச் சாயங்காலம் சேலம் ஜங்ஷனுக்குப் போயிருந்தேன். அக்கா முறுக்கு டப்பாவைத் திணித்துக்கொண்டிருந்தாள். என் கண் பையைத்தான் தேடியது. பெண் பையைத் தூக்கி முதுகில் மாட்டித் திரும்பினாள். வெறும் பச்சைதான் தெரிந்தது. வட்டமும் இல்லை, வேலும் இல்லை. மாமா சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தார், திரும்ப உள்ளேயே வைத்துக்கொண்டார்.

ரயில் ஏறும் முன் அந்தப் பெண் என் தோளைக் கட்டிக்கொண்டு, "எங்கப்பா மாதிரி யாரு சித்தி இப்படித் தனியா உடுவாங்க?" என்றாள். நான் மாமாவைப் பார்த்தேன். அவர் சிக்னல் விழுந்துவிட்டதா என்று தண்டவாளத்தின் கடைசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா சாமி" என்றேன்.