சத்தம் எந்தப் பக்கம்

நோயலின் பழைய மாருதி எண்ணூறில் புதிதாக ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. அதை முதலில் கவனித்தது அவர் மனைவி ஃப்ளோரா. பூதிகோட்டையில் ஒரு தனியார் பள்ளியில் அவள் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர். அவர்கள் குடியிருக்கும் சுரங்கக் காலனியான ஸ்கெலட்டனிலிருந்து தினமும் காலையில் அவளைக் கொண்டுபோய் விடுவதும் சாயங்காலம் கூட்டி வருவதும் நோயலின் வேலை.

"இன்னாங்க, எங்கியோ ரைஸ் மில்லு ஓடுற மாதிரி கீது?" என்றாள்.

நோயல் ஆக்ஸிலேட்டரை அழுத்திப் பார்த்தார். சத்தம் கூடியது. காலை எடுத்தார், குறைந்தது. "மில்லு இல்ல. முன்னாடி வீல் பேரிங் போயிடுச்சு. லெஃப்டு."

"லெஃப்டா? என் பக்கம் ஒண்ணியும் கேக்கலியே. உங்க கால் கிட்டதான் கத்துது."

"உனக்குக் காது கீதா இல்லியா? லெஃப்டுலதான் வருது, கேளு."

ஃப்ளோரா கேட்டாள். தலையை ஆட்டிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டாள். முப்பது வருஷத்துக்கு மேல் குடித்தனம் பண்ணியவள். இந்த மனுஷனிடம் எங்கே பேச்சை விடவேண்டும் என்று தெரிந்தவள்.

நோயல் கோலார் தங்கச் சுரங்கத்தில் டிரில் மெஷின் பிடித்தவர். மீசை முளைத்த கையோடு உள்ளே இறங்கினார். மெஷினின் பின்பக்கத்தை வலது தோளோடு அணைத்துக்கொண்டு ஒவ்வொரு ஷிஃப்டும் பாறையைக் குடைவார். காதுக்குப் பாதுகாப்பு என்றால் எப்போதாவது வைக்கும் பஞ்சுதான். சுரங்கத்தை மூடிய பிறகு பெங்களூர் ரயிலைப் பிடித்தார். ஒரு பெரிய குடியிருப்பில் ஜெனரேட்டரும் தண்ணீர் பம்பும் பார்த்துக்கொண்டார். பழுதானால் வெளியாளைக் கூப்பிடமாட்டார். தானே பிரித்து, தானே மாட்டுவார். அந்த வேலையையும் விட்டு வந்த பிறகு வாங்கிய கார் இது.

இருந்தாலும் பேரிங் விஷயத்தில் முதலில் ஒரு மெக்கானிக்கிடம்தான் போனார். அவன் ஓட்டிப் பார்த்துவிட்டு டயர் தேய்ந்ததால் வரும் சத்தம் என்றான். இன்னொருவன் கியர்பாக்ஸ் என்றான். மூன்றாவது ஆள் வண்டியில் ஏறாமலே, "ரெண்டு பக்கமும் மாத்திடலாம் சார்" என்றான். வீட்டுக்கு வரும்போது நோயலுக்குத் தலை கிறுகிறுத்தது. தன் காது சொல்வதைத்தான் நம்பவேண்டும் என்று முடிவு பண்ணினார்.

சனிக்கிழமை காலையில் வீட்டு வாசலிலேயே வேலையை ஆரம்பித்தார். ஃப்ளோராவை வண்டிக்குள் உட்காரவைத்து பிரேக்கை மிதிக்கச் சொன்னார். சக்கரத்தின் நடுவிலிருந்த பெரிய நட்டு ஸ்பானருக்கு அசையவில்லை. ஸ்பானரில் ஒரு நீளமான இரும்புக் குழாயைச் செருகி, அதன் மேல் ஏறி நின்றார். டக்கென்று ஒரு சத்தத்தோடு நட்டு விட்டுக்கொடுத்தது.

"உடைஞ்சு போச்சா?" என்றாள் ஃப்ளோரா.

"இல்ல இல்ல, வந்துடுச்சு."

ஜாக்கி ஏற்றி, கல் முட்டுக்கொடுத்து, சக்கரத்தைக் கழற்றினார். பிரேக் பிடிப்பானைக் கழற்றி, அதன் டியூப் இழுபடாமல் கம்பியால் கட்டித் தொங்கவிட்டார். லேத்துப் பட்டறை வைத்திருக்கும் கூட்டாளி சம்பங்கியிடம் புல்லர் இரவல் வாங்கி வந்து, சக்கரம் மாட்டும் ஹப்பை இழுத்து எடுத்தார். உள்ளே முன்னும் பின்னுமாக இரண்டு பேரிங்குகள். தட்டித் தட்டி வெளியே தள்ளினார்.

மண்ணெண்ணெயில் கழுவி, ஒன்றை விரலில் மாட்டிச் சுற்றிப் பார்த்தார். வழுவழுவென்று சுற்றியது. அடுத்ததும் அப்படியே. கெட்டுப்போன பேரிங் விரலில் மணல்போல உரசவேண்டும், ஆடவேண்டும். இது புதுசு மாதிரி இருக்கிறதே? கழுவியதால் சரியாகிவிட்டதா? அப்படிக் கூட ஆகுமா? யோசித்துக்கொண்டே கிரீஸ் அப்பி, புதிய பேரிங்குகளை அடித்து உட்காரவைத்தார்.

எல்லாம் மாட்டி நட்டை இறுக்கியபோது சக்கரம் சுற்ற மறுத்தது. நட்டைத் தளர்த்தினால் சுற்றுகிறது. இறுக்கினால் கட்டிப்போட்ட மாடு மாதிரி நிற்கிறது. நோயல் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். இடம் மாற்றிப் போட்டுவிட்டோமா, திருப்பிப் போட்டுவிட்டோமா, கடைக்காரன் வேறு வண்டியின் பேரிங்கைக் கொடுத்துவிட்டானா என்று ஒவ்வொன்றாக நினைத்தார்.

புல்லரை வாங்கிப் போக வந்த சம்பங்கி, கிரீஸ் துணியைக் காலால் நகர்த்தினான். அடியில் ஒரு இரும்பு வளையம் கிடந்தது.

"இன்னா நோயலு, இத்த எங்க போடப்போற?"

இரண்டு பேரிங்குக்கும் நடுவில் இருக்கவேண்டிய வளையம் அது. அது இல்லாமல் இறுக்கினால் பேரிங்குகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொள்ளும். நோயல் எல்லாவற்றையும் திரும்பப் பிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து இருவரும் பங்காருபேட்டை ரோட்டில் ஒரு சுற்று போனார்கள். வண்டி வேகமெடுத்தது. அரிசி மில்லும் கூடவே ஓடியது. முந்தாநாள் கேட்ட அதே சத்தம், நோயலின் காதுக்கு அதே இடது பக்கம்.

அவர் ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "புது பேரிங் ஃப்ளோரா. நானே போட்டேன். எப்படிக் கத்தும்?"

"நான் அன்னிக்கே சொன்னேனே. சோத்தாங்கை பக்கம்."

வீட்டுக்கு வந்ததும் முன்பக்கம் முழுவதையும் தூக்கி நிறுத்தினார். காதை விட்டுவிட்டு, பெங்களூரில் பம்புகளைத் தொட்டுப் பார்த்ததுபோலக் கையால் பார்க்கலாம் என்று தோன்றியது. ஃப்ளோரா இடது சக்கரத்தை வேகமாகச் சுற்றினாள். அவர் மேலே இருக்கும் ஸ்பிரிங்கைப் பிடித்தார். கையில் ஒன்றுமே தெரியவில்லை. வலது பக்கம் வந்தார்கள். அவள் சுற்றினாள். ஸ்பிரிங் வழியாகக் கரகரவென்று ஒரு நடுக்கம் உள்ளங்கையில் ஏறியது, பல்லில் மண் சிக்கியதுபோல.

"ரைட்டு" என்றார். நம்பமுடியாமல் இன்னொரு முறை சுற்றச் சொன்னார். கை வலது என்றது; காது இடது என்றது. இரண்டும் அவருடையதுதான்.

குனிந்தபடி யோசித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தபோது ஃப்ளோரா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப நான் இன்னா சொன்னேன்?"

"நீ எங்க சொன்ன?"

"மூணு வாட்டி கூப்ட்டேன். இங்கதான், உங்க சோத்தாங்கை பக்கம் நின்னு."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "கண்ண மூடுங்க. கை தட்டுறேன். எந்தப் பக்கம்னு காட்டுங்க."

"இன்னா இது, நர்சரி பசங்க வெளாட்டா?"

"மூடுங்கன்றேன்."

மூடினார். கைதட்டல் கேட்டது. இடது பக்கம் காட்டினார். இன்னொன்று. இடது. அடுத்ததும் இடது. ஃப்ளோரா முதலில் களுக்கென்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அவர் கண்ணைத் திறந்தபோது அவள் வலது பக்கம் நின்றுகொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது.

"எல்லா தட்டும் இங்க நின்னுதாங்க தட்டினேன்."

நோயல் வலது காதைச் சுண்டுவிரலால் குடைந்தார். பிறகு இடது காதை அழுத்தி மூடினார். எதிர்வீட்டு டிவி சத்தம் நின்றது. ஃப்ளோராவின் உதடுகள் அசைந்தன. தண்ணீருக்கு அடியில் யாரோ பேசுவதுபோல இருந்தது. இது எப்போது நடந்தது? நேற்றா, இருபது வருஷம் முன்பா? வலியில்லை, சீழ் இல்லை. ஒரு காது ஒன்றும் சொல்லாமல் போய்விடுமா?

வலது பக்க பேரிங்கை அடுத்த சனிக்கிழமை மாற்றினார். வளையத்தை மறக்கவில்லை. வெளியே வந்த பழைய பேரிங்கில் குண்டுகள் பொரிந்து கிடந்தன. கையில் சுற்றினால் கடகடத்தது. ஆனால் வேலை முழுக்க அவர் மனம் வேறெங்கோ இருந்தது.

ஒரு தடவை சுரங்கத்தின் ஆழத்தில் பாறை வெடித்துச் சரிந்தபோது எல்லோரும் ஒரு பக்கம் ஓட, அவர் மட்டும் சத்தம் வந்த திசைக்கே ஓடினார். ராஜப்பா என்கிற மேஸ்திரி காலரைப் பிடித்து இழுத்துப் போட்டார். பயத்தில் புத்தி கெட்டுவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். அவரும் அப்படியே நம்பினார். அன்றைக்கே காது போயிருந்ததா? இல்லை, நிஜமாகவே பயந்துதான் ஓடினாரா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. கேட்கலாம் என்றால் ராஜப்பா இப்போது இல்லை.

பக்கத்து வீட்டு ரத்தினம்மா ரொம்ப நாளாக அவரோடு பேசுவதில்லை. 'கூப்ட்டா திரும்பிக்கூடப் பாக்க மாட்டான், அவ்ளோ திமிரு' என்று அவள் சொன்னதாகக் கேள்வி. அவள் வீடு வாசலுக்கு வலது பக்கம்.

கோலார் மாவட்ட ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் காதில் கருவியை மாட்டிப் பரிசோதித்தார். வலது காது அநேகமாகப் போய்விட்டது, இடது பரவாயில்லை என்றார்.

"எப்பலேர்ந்து மேடம்?"

"அதைச் சொல்ல முடியாதுங்க. மெதுவா போயிருக்கும். இன்னொரு காது சமாளிச்சிருக்கும். பல பேருக்குத் தெரியறதே இல்ல."

"வருஷக்கணக்கில இருக்குமா? சுரங்கத்திலேயே போயிருக்குமா?"

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்."

அந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் அவர் வெளியே வந்தார்.

திரும்பும் வழியில் வண்டி சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு ஓடியது. ஃப்ளோரா அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்து பேசிக்கொண்டே வந்தாள். பள்ளியில் ஒரு பிள்ளை மூக்கில் பட்டாணியைப் போட்டுக்கொண்ட கதை. ஒரு வார்த்தை விடாமல் அவருக்குக் கேட்டது. வீட்டில் மட்டும் ஏன் இவள் சொன்னதையே சொல்லிச் சலித்துக்கொள்கிறாள் என்று எத்தனை முறை எரிச்சல் பட்டிருக்கிறார். சாப்பிட உட்கார்ந்தால் இவள் எந்தப் பக்கம் உட்காருவாள்? நினைவுபடுத்திப் பார்த்தார். உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

"ஃப்ளோரா, வூட்ல சாப்பிடும்போது நீ எந்தப் பக்கம் உக்கார்ற?"

அவள் பட்டாணிக் கதையை நிறுத்தினாள். அவளும் யோசித்தாள்.

"தெரியலீங்களே" என்றாள். "போய் உக்காந்துதான் பாக்கணும்."