ஏரியல் வயர்

கிள்ளானில் எங்கள் வரிசை வீட்டில், பள்ளி விடுமுறை வந்தால் பிள்ளைகள் மூவரும் தொலைக்காட்சியை விட்டு நகர மாட்டார்கள். கத்திக் கத்தி என் தொண்டை வறண்டதுதான் மிச்சம். ஒருநாள் பொறுக்க முடியாமல், கூரையிலிருந்து பெட்டிக்கு வரும் ஏரியல் வயரைக் கழற்றிச் சுருட்டி, சாமி மேடைக்கு அடியில் ஒளித்து வைத்தேன்.

"வெளிய போய் வெளையாடுங்க!"

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் நாள் பின்சந்தில் ஒரே கூச்சல். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சனிக்கிழமை வந்தது. வாரத்துக்கு ஒரே ஒரு தமிழ்ப்படம், அதை நான் விடுவேனா? எதிர்வீட்டு அக்கா முறுக்கு டின்னோடு வந்து உட்கார்ந்துவிட்டார். சாமி மேடைக்கு அடியில் கைவிட்டால் வயரைக் காணோம்.

பின்சந்துக்கு ஓடினேன். ஏழெட்டுப் பிள்ளைகள் அதைச் சுழற்றித் தாண்டிக்கொண்டிருந்தார்கள். சிமெண்டில் உரசி உரசி உள்ளிருந்த செம்பு பல்லிளித்தது.

"கயிறு பத்தலப்பா. இதுல நாலு பேரு ஒண்ணா குதிக்கலாம்லா" என்றாள் மகள்.

அன்றைய படம் போச்சு. திங்கட்கிழமை புது வயர் வாங்கி வந்து, முணுமுணுத்துக்கொண்டே மாட்டினேன். பக்கத்தில் நின்று அதன் நீளத்தையே பார்த்துக்கொண்டிருந்த மகள் கேட்டாள்:

"இத எப்பப்பா கழட்டுவீங்க?"