சிவப்பு மருந்தும் கீரைப் பருப்பும்

தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சருக்குத் தன் போத்தல்மேல் இருக்கும் நம்பிக்கை வேறு எதன்மேலும் இருக்காது. பசறைப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் நான் அந்த வேலையில் இருந்தபோது என் மருந்தைக் குடித்து முகம் சுளித்தவர்களில் நீங்களும் ஒருவரென்றால், முதலில் மன்னித்துவிடுங்கள்.

கஞ்சித் தண்ணி

ராமாயி கொழுந்து பறிக்கிறவள். காய்ச்சலோடு வந்தாள். சிவப்பு மருந்து கொடுத்து, "கஞ்சித் தண்ணி மட்டும் குடி" என்று அனுப்பினேன். எத்தனை நாளைக்கு என்று சொல்ல மறந்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். கன்னம் ஒட்டியிருந்தது, வாயோரம் வெடித்திருந்தது. கைக்குழந்தைக்குப் பாலும் வற்றிவிட்டது. தொட்டுப் பார்த்தேன், உடம்பு சுடவில்லை. அவளோ கோபமே இல்லாமல் சொன்னாள்: "காய்ச்சல் அன்னைக்கே போயிருச்சுங்க ஐயா. பசிதான் போகல."

நாலாம் லயம்

அந்த ஐப்பசி மழையில் சளிக்காய்ச்சல் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் லயம் லயமாகப் பரவியது. ராமாயி குடியிருந்த நாலாம் லயத்தில் மட்டும் படுத்தவர்கள் குறைவு. படுத்தவர்களும் சீக்கிரமே எழுந்து வேலைக்குப் போனார்கள். வேறு வைத்தியரைப் பார்க்கிறார்களோ என்ற ரோஷத்தில் நேரிலேயே போனேன்.

லயத்துக்குப் பின்னால் ஓடைக்கரையில் காளியம்மா என்ற பெண் முருங்கையும் பசளிக்கீரையும் பூசணியும் போட்டிருந்தாள். அந்த லயத்து எட்டு வீட்டுக்கும் கீரை அங்கிருந்துதான். ராமாயிக்கும் தினம் ஒரு கிண்ணம் கீரைப் பருப்பு அவளே கொடுத்துவந்தாள். குழந்தைக்குப் பால் சுரக்கத் தொடங்கியிருந்தது.

கீரை நோயை விரட்டியது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வந்த நோயோடு மல்லுக்கட்ட உடம்புக்குத் தெம்பு வேண்டும், அது என் அலமாரியில் இல்லை என்று அன்றைக்குத்தான் உறைத்தது. என்ன மருந்து கொடுக்கிறாய் என்று காளியம்மாவைக் கேட்டேன். "மருந்தெல்லாம் நமக்குத் தெரியாதுங்க. வெறுஞ்சோறு எறங்க மாட்டேங்குது, அதான் கீரை போடுறோம்."

துரை வந்த நாள்

அடுத்த வாரமே ஓடைக்கரையில் தேயிலை நடப்போவதாக உத்தரவு வந்தது. காளியம்மா மருந்துச்சாலை வாசலில் வந்து நின்றாள். கூப்பிடாமல் நான், தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களாவுக்குப் போனது அன்று ஒருநாள்தான்.

"இந்த மழையிலும் காலைப் பெரட்டில் பேர் கொடுக்க ஆள் குறையாமல் வந்தது நாலாம் லயம்தான் துரை. காரணம் அந்தக் கீரைப் பாத்தி" என்றேன்.

துரை குடையை எடுத்துக்கொண்டு நடந்தார். பாத்தியைப் பார்த்தார். ராமாயி மடியில் குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்ததையும் பார்த்தார். பிறகு கணக்கப்பிள்ளையிடம் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "இது புடுங்க வேணாம். மத்த லயத்துக்கும் போடு."

காசிம் நானா

விதை தேடிப் பதுளைக்குப் போனேன். கடைக்காரர் காசிம் நானா விஷயத்தை முழுக்கக் கேட்டுவிட்டு, கேட்டதற்குமேல் அகத்தி விதையும் சேர்த்துச் சாக்கில் கட்டினார். நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன். "சும்மா கொண்டு போங்க. ஆளுங்க எல்லாம் நோய்ல கெடந்தா என்ட கடைக்கு யாரு வருவா?"

அதற்குப் பிறகு எல்லா லயத்திலும் கீரை முளைத்து, நோயில் படுத்தவர்கள் சீக்கிரம் தேற, எனக்குக் கைராசிக்காரன் என்று பேர் வந்தது. அது காளியம்மாவுக்குச் சேரவேண்டிய பேர் என்று தெரிந்தும், ஓய்வு பெறும்வரை நானே பத்திரமாக வைத்துக்கொண்டேன்.