தூசி என்றார் அவர்

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் நாங்கள் தென்காசியில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். என் வீட்டுக்காரர் ஹைஸ்கூலில் சயன்ஸ் வாத்தியார். எங்களுக்கு ஒரே பிள்ளை, நாலு வயதுப் பெண். ஆடி மாதத்தில் அவளுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் அதற்குக் கொடுக்கிற கொயினா மருந்து இல்லை. பட்டாளத்துக்கே பற்றவில்லை என்று கம்பவுண்டர் கையை விரித்துவிட்டார். என் வீட்டுக்காரர் சைக்கிளை எடுத்துக்கொண்டு சாரலில் நனைந்தபடி செங்கோட்டைக்குப் போனார். தெரிந்தவர் ஒருவர் வீட்டில் கெஞ்சி நாலு மாத்திரை வாங்கி வந்தார். அவர் சைக்கிளை நிறுத்தியபோது பிள்ளை என் மடியில்தான் கிடந்தாள். மாத்திரைக்கு வேலை இல்லாமல் போயிருந்தது.

சின்னப் பிள்ளை என்பதால் எரிக்கவில்லை, சிற்றாற்றங்கரையில் புதைத்தார்கள். பெண்கள் அங்கே போகிற வழக்கம் கிடையாது. அவள் எந்த இடத்தில் கிடக்கிறாள் என்றுகூட எனக்குத் தெரியாது.

பத்தே நாளில் அவர் பள்ளிக்கூடத்துக்குப் போகத் தொடங்கினார். எனக்கு அது பொறுக்கவில்லை. சாயங்காலம் வந்தால் வானத்தைப் பற்றிய ஒரு இங்கிலீஷ் புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். நான் அடுப்படியில் கிடந்து என் பாவத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். அவள் பிறந்தபோது கீழப்பாவூர் நரசிம்மருக்கு நேர்ந்துகொண்டதை இன்று நாளை என்று தள்ளிப்போட்டிருந்தேன். அதற்குத்தான் இந்தத் தண்டனை என்று மனதுக்குள் முடிவு கட்டியிருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அருவியில் தலையைக் கொடுத்தால் மனசு கொஞ்சம் ஆறும் என்று நாத்தனார் சொன்னதால் இரண்டு பேரும் குற்றாலத்துக்கு நடந்தோம். சீசன் கூட்டம். எண்ணெய் தேய்த்துக்கொண்டு எல்லாரும் கூச்சல் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். குளித்துவிட்டு ஒரு பாறையில் தலை உலர்த்தும்போது, நான் அழுவதைப் பார்த்துவிட்டு அவர் பேசினார்.

“வானத்துல சூரியன் மாதிரி கோடி கோடியாக் கெடக்கு. அதுக்கு முன்னால இந்தப் பூமியே ஒரு தூசி. அந்தத் தூசிமேல ஒட்டிக்கிட்டு இருக்கோம் நாம. இதை நெனச்சாத்தான் எனக்கு மூச்சு விட முடியுது.”

“அப்ப நம்ம பிள்ளயும் தூசியா?”

“அப்பிடிச் சொல்லல.”

“பின்ன எப்பிடிச் சொல்லுதீய?”

வேட்டியைப் பிழிந்து உதறினார். “நமக்குன்னு யாரும் கெடுதல் நெனைக்கல. நெனைக்கதுக்கு அங்கன யாருமே இல்ல. அதைத்தான் சொல்லுதேன்.”

அவர் ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு அது தண்டனையைவிடக் கொடுமையாக இருந்தது. நான் குற்றம் செய்தவளாக இருந்தால்கூட, என்னைப் பார்த்துக்கொண்டு மேலே ஒருவர் இருக்கிறார் என்றாவது ஆகும். யாருமே இல்லையென்றால் என் பிள்ளை எங்கே போனாள்? யாரிடம் போய்க் கேட்பது? அன்றிலிருந்து பல மாதம் சோறு போட, துணி எடுத்துவைக்க என்று தேவைக்கு மட்டும்தான் பேச்சு.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர், “நடந்துட்டு வாரேன்” என்று போவார். திரும்பும்போது வேட்டிக்கரையில் சேறு இருக்கும். தை மாதம் ஒருநாள் காலையில், சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு பின்னாலேயே போனேன். ஆற்றங்கரை மருத மரங்களைத் தாண்டி ஓரிடத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். முன்னால் இரண்டு முழ நீளத்துக்கு ஒரு மண்மேடு. அதன்மேல் படர்ந்திருந்த நெருஞ்சியை வெறும் கையால் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தார்.

நான் பக்கத்தில் போய் நின்றேன். அவருக்கு நோக வேண்டும் என்றுதான் கேட்டேன்: “தூசிக்கா இவ்வளவு பாடு?”

திடுக்கிட்டார், ஆனால் எழுந்திருக்கவில்லை.

“கணக்குப் போட்டா ஒண்ணும் இல்லதான் ஏட்டி. ராப்பகலாப் போட்டுப் பாத்துட்டேன். ஆனா கால் இங்கனதான் வருது.”

அவர் விரல் நுனியெல்லாம் ரத்தம் கசிந்திருந்தது. பிள்ளை போன அன்றுகூட அழாதவர் அங்கே அழுதார். என் நேர்ச்சையைப் பற்றி அப்போதுதான் அவரிடம் சொன்னேன். “அதுக்கா இத்தன மாசம் தனியாக் கெடந்து வெந்தே?” என்றார். நகர்ந்து எனக்கு இடம் விட்டார். நானும் உட்கார்ந்து களை பறித்தேன்.

பிறகு வாராவாரம் இரண்டு பேரும் போனோம். ஊரில் பேசினார்கள், பேசட்டும் என்று விட்டோம். அடுத்த ஐப்பசியில் ஆற்றில் பெருவெள்ளம் வந்தது. வடிந்ததும் போய்ப் பார்த்தால் ஒரே மணல். மேடு இருந்த அடையாளமே இல்லை. அவர் மருத மரத்திலிருந்து அடி வைத்து எண்ணிக்கொண்டு வந்தார். மறுபடி எண்ணினார். இரண்டு தடவையும் வேறு வேறு இடத்தில் வந்து நின்றார். “தெரியலையே” என்றார். மூன்றாவது தடவை எண்ண வேண்டாம் என்று நான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

அதன் பிறகு எங்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. கீழப்பாவூருக்குப் போய் நேர்ச்சையைச் செலுத்தினேன். அவர் உடன் வந்து கோயிலுக்கு வெளியே நின்றார். சன்னதியில் எனக்கு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. பதிலாகவும் ஒன்றும் வரவில்லை. அவரும் கடைசிவரை தம் எண்ணத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஒன்று மட்டும் மாறியது. அதுவரை வீட்டில் யாரும் உச்சரிக்காத அவள் பேரை, சாப்பிட உட்காரும்போது நாங்கள் சொல்லத் தொடங்கினோம். “அவளுக்கு இந்தக் கொழம்பு பிடிக்காது” என்பார் அவர். “பிடிக்கும், காரம்தான் ஆகாது” என்பேன் நான்.