அடுப்புக்கு மேலே காய்ந்த பொனட்

தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்குப் பின்னால் தகரக் கொட்டிலில் நான் ஒரு ரேஸ் கார் கட்டுவது உங்களுக்குத் தெரியும். அதற்காக பைபர் கிளாஸில் நானே அச்சில் வார்த்த பொனட், அதாவது என்ஜின் மூடி, மஸ்கெலியா மழையில் ஒரு வாரமாகக் காயாமல் பிசுபிசுத்துக் கிடந்தது.

இன்று சஸ்பென்ஷன் ஆர்மை வெல்டிங் செய்ய ஹட்டனுக்குப் போனேன். அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பி வந்தால், கொட்டிலில் பொனட்டைக் காணோம்.

"பயப்படாதீங்க தம்பி, எங்க காம்பராவுலதான் இருக்கு" என்றார் பக்கத்துவீட்டுச் செல்வி அக்கா.

மழைநாளில் ஈரத்துணியைக் காயவைப்பது போல, அடுப்புக்கு மேலே கம்பியில் போட்டிருக்கிறார். சூட்டில் இளகி, நடுவில் மடிந்து, கொடியில் போட்ட சேலையாக இரண்டு பக்கமும் தொங்கியது என் பொனட்.

போன வாரம் அச்சிலிருந்து அதைக் கழற்றியபோதே அச்சு உடைந்துவிட்டது. இனி முதலிலிருந்துதான். தெம்பில்லை.

"தொட்டுப் பாருங்க, இப்ப ஒட்டவே இல்ல."

உண்மைதான். கல்லாகக் காய்ந்திருந்தது.

"ரொம்ப நன்றி அக்கா" என்றேன். வேறென்ன சொல்ல?

"இதுல என்ன தம்பி இருக்கு? அந்தக் கார் கதவையும் கொண்டாங்க. அடுப்பு சும்மாதானே எரியுது."

கதவும் பைபர்தான், இன்னும் ஈரம். வெயில் அடிக்கிற ஊரில் யாராவது இருக்கிறீர்களா?