குல்சும் வீட்டுத் தூக்குப்போசி

சுந்தராபுரத்தில் ஒரு மாவு மில் இருக்கிறது, அங்கே அரைத்த மஞ்சளைக் கஷாயம் வைத்துக் குடித்தால் மூளை வீக்கம் வடிந்துவிடும் என்று கோவையில் ஒரு பேச்சு. எனக்குச் சொன்னவர் ஒரு வங்கி மேலாளர். கடன் என்று போய் நின்றால் நம் ஜாதகம் வரை கேட்கிறவர், இதற்கு ஓர் அத்தாட்சியும் கேட்கவில்லை. நாமாவது கேட்போமே என்று ஒரு சனிக்கிழமை காலை போனேன்.

மில்லை நடத்துகிற சாமியாத்தாளுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. புருவத்தில்கூட மஞ்சள் தூள். போன வருடம் ஒருநாள் மிளகாய் மிஷினில் ராகியைக் கொட்டினார். மறுநாள், செத்துப்போன கணவரோடு கரண்ட் பில்லுக்காகச் சண்டை போட்டார். பேய் என்றார்கள் சொந்தக்காரர்கள். மகன் சபரீஷ் அவர்களை ஒதுக்கிவிட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனான். மூளை அழற்சி என்றார் டாக்டரம்மா. காவலுக்கு வைத்த நாய் வீட்டுக்காரரையே கடிப்பது மாதிரி, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்குகிறதாம். ஊசி போட்டார்கள், பிறகு மாத்திரை. ஆள் மெல்லத் திரும்பி வந்தார்.

"அப்ப மஞ்சள்?" என்றேன்.

"இருவது வருசமா மஞ்சத்தூளைத்தானுங்க மூச்சா உடறேன். அது காப்பாத்தியிருந்தா நோவு எனக்கு எதுக்குங்க வருது?"

"பின்னே இந்தப் பேச்சு எப்படிக் கிளம்பியது?"

"இருங்க, இப்ப ஒரு போசி வரும்."

விஷயம் இதுதான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று பின்வீட்டு உம்மல் குல்சும், இந்த மில்லில் அரைத்த மஞ்சளோடு மிளகு, வல்லாரை போட்டுக் கஷாயம் வைத்து, மூடிபோட்ட தூக்குப்போசியில் கொண்டுவந்தார். நிறைந்து வந்த போசியை வெறுமனே திருப்பித் தருவது மரியாதை இல்லை. சாமியாத்தாள் ராகி மாவு போட்டுக் கொடுத்தார். மாவு வாங்கிக்கொண்டு சும்மா இருப்பது குல்சுமுக்கு மரியாதை இல்லை. மறுநாளும் கஷாயம். இங்கிருந்து முருங்கைக்காய். அங்கிருந்து கஷாயம். மாதக்கணக்கில் ஓடுகிறது. "எப்படிக்கா இருக்குது?" என்று அவர் கேட்டபோது, "உன்ற கஷாயத்துலதான் அம்மணி எந்திரிச்சு நிக்கறேன்" என்றார் இவர். ஒரு மரியாதைக்குச் சொன்னதுதான். அந்த ஒரு வரி பஸ் ஏறிப் பொள்ளாச்சிக்கும் அவிநாசிக்கும் போய், அரைக்க ஆளுக்கொரு பை மஞ்சளோடு திரும்பி வந்துவிட்டது. மில்லிலும் கூட்டம்.

"டாக்டரம்மாகிட்டக் கேட்டனுங்க. மஞ்சள்ல இருக்கற சத்து எலிக்கு அழற்சியைக் கொறைக்குதாமா. மனுசன் குடிச்சா ஒடம்புல ஒட்டறதே கொஞ்சமாமா, மிளகு சேர்த்தா இன்னுங் கொஞ்சம். மூளைக்குப் போய் வேலை செய்யுதான்னு இன்னும் உறுதியாத் தெரியலையாமா. ரசத்துல போட்டுக்குங்க, மாத்திரையை நிறுத்தாதீங்கன்னாங்க."

அப்போது பையோடு ஓர் இளைஞர் வந்தார். அவிநாசிக்காரர், பெயர் கிருபாசங்கர். அவர் மனைவி மோகனப்பிரியாவுக்கும் இதே நோய்.

"மாத்திரைல மூஞ்சி ஊதிப்போச்சுங்க. கண்ணாடி பார்த்துப் பார்த்து அழுகறா. இன்னைலேருந்து அதை நிறுத்திப்போட்டு, உங்க மில்லுல அரைச்ச மஞ்சளையே குடுக்கலாம்னு..."

போசியோடு குல்சும் உள்ளே வந்ததும் அதே நேரம். அவர் முகத்தில் அப்படியொரு பெருமை. "குடுங்க தம்பி. எங்க அக்காவையே பாருங்க!"

சாமியாத்தாள் மிஷினை நிறுத்தினார். கல்லாப்பெட்டியைத் திறந்து மாத்திரை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இதை நான் இன்னும் முழுங்கறேன் தம்பி. யாருகிட்டயும் சொல்லலை, அவ்வளவுதான். எனக்கும் மூஞ்சி பூசணிக்காயாட்டம்தான் ஆச்சு. டாக்டரம்மா கொஞ்சங்கொஞ்சமாக் கொறச்சாங்க, வடிஞ்சுபோச்சு. நீங்களாச் சட்டுனு நிறுத்துனா உசுருக்கே ஆபத்து."

"அப்ப கஷாயம்?"

சாமியாத்தாள் குல்சுமைப் பார்க்காமல் சொன்னார்: "அது பாசத்துக்குக் குடிச்சதுங்க."

கிருபாசங்கர் அங்கேயே போனை எடுத்தார். "காலை மாத்திரை போட்டியா கண்ணு? ... நான் சொன்னது தப்பு. எடுத்துப் போட்டுக்க. திங்கக்கெழமை டாக்டரைப் பார்த்துக்கலாம்." மஞ்சளை அரைக்காமலே கிளம்பினார்.

குல்சும் போசியை மேசைமேல் வைத்தார். "இத்தனை மாசத்துல ஒரு வார்த்தை சொல்லலையேக்கா?"

"நீ சங்கடப்படுவியேன்னு..."

"வல்லாரைக்கு நான் தெனமும் உக்கடம் மார்க்கெட்டுக்குப் போனது சங்கடமில்லையா? அந்தக் கசப்பை எங்கூட்ல ஒருத்தரும் வாய்ல வைக்கறதில்லை. உங்களுக்குன்னுதான் காய்ச்சுனேன்." போய்விட்டார்.

சாமியாத்தாள் அன்றைய கஷாயத்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

அடுத்த மாதம் போனபோது கூட்டம் பாதியாகியிருந்தது. மோகனப்பிரியாவுக்கு மாத்திரையைக் குறைக்க ஆரம்பித்திருப்பதாக அவிநாசியிலிருந்து போன் வந்ததாம். வங்கி மேலாளர் மட்டும் இன்னும் எல்லாரிடமும் மஞ்சள் மகிமை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கழுவித் துடைத்த போசி மில்லில் ஓர் ஆணியில் தொங்கியது.

"திருப்பிக் குடுக்கலீங்களா?" என்றேன்.

"மாவு போட்டுக் குடுத்தா மறுக்கா கஷாயம் வந்துருமோன்னு பயமுங்க. வெறும் போசியாக் குடுத்தா ஒறவே போயிருமுங்க."

குல்சும் வீட்டு மிளகாய் இப்போதும் இங்கேதான் அரைபடுகிறது. கொண்டுவருகிறவர் அவர் கணவர் யூனுஸ். போசி எங்கே என்று அவர் கேட்பதில்லை. சாமியாத்தாளும் அதை ஆணியிலிருந்து எடுப்பதில்லை.