பச்சை இலை போட்ட கேக்

இதை எழுதாமல் விடத்தான் இருந்தேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குச் சலாம் சொன்னவன் ஜேர்மனியிலிருந்து கட்டுரை எழுதினால், கல்முனையில் என் கூட்டாளி நிஸ்பர் விழுந்து விழுந்து சிரிப்பான். ஆனாலும் ஒரு கேக் நெஞ்சை அடைத்துக்கொண்டு நிற்கிறது.

நான் இருக்கும் சின்ன ஊரில் ஹலால் கடை இல்லை. எந்தச் சாப்பாட்டுப் பக்கெட்டைத் தூக்கினாலும் உள்ளே பன்றிக் கொழுப்பு இருக்குமோ என்று பயம். வந்த புதிதில் பாணும் வாழைப்பழமுமாகக் காலம் போனது. பிறகுதான் அந்தப் பச்சை இலையைக் கண்டுபிடித்தேன். வீகன் என்று எழுதி இலை கீறியிருந்தால் அதற்குள் மிருகம் இல்லை. மிருகம் இல்லையென்றால் பன்றியும் இல்லை. இவ்வளவுதான் என் மார்க்க ஆராய்ச்சி. மாட்டிறைச்சிக் கடைக்காரரின் மகன், மாடுகளைக் காப்பாற்ற வந்த மகான் போல இலை பார்த்துச் சாமான் வாங்கத் தொடங்கினான்.

உம்மாவுக்கும் இலையைப் பழக்கினேன். கடைக்குள் நின்றே வீடியோ கோல் எடுப்பேன். அவ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிவா.

“இலை எங்க மகன்? கிட்டக் காட்டு.”

“இந்தா உம்மா, ஆடு தின்னுற இலைதான். நல்லாப் பாருங்க.”

“பகிடிய உடு. புறத்தாலயும் திருப்பு, என்னமோ பொடி எழுத்தில போட்டிருக்கான்.”

“அது ஜேர்மன். உங்களுக்கு விளங்குமா?”

“எனக்கு விளங்காட்டி உனக்கு விளங்கட்டுமே. வாசி.”

தப்பும் தவறுமாக வாசிப்பேன். “பிஸ்மில்லா சொல்லித் தின்னு” என்று அவ சொன்ன பிறகுதான் பக்கெட் கூடைக்குள் விழும்.

உம்மா மௌத்தானபோது நான் ஊருக்குப் போகவில்லை. விசா கைக்கு வராததால், போனால் திரும்பி வர முடியாது. ஜனாஸா அடக்கியதையும் அதே ஃபோனில்தான் பார்த்தேன். நாற்பதாம் நாள் கத்தம் ஓதி, ஊரில் வீட்டில் சோறு ஆக்கிக் கொடுத்தார்கள். இங்கேயும் உம்மாவின் பெயரில் நாலு பேருக்கு ஏதாவது கொடுக்க ஆசைப்பட்டு, இலை போட்ட சொக்லட் கேக் ஒன்றை எடுத்தேன். காட்டுவதற்கு ஆளில்லை. இலையைக் கண்டதும் கூடைக்குள் போட்டேன்.

வேலையிடத்தில் என்னோடு பொதி கட்டும் மார்கிட், அந்த இலையைக் கண்டாலே “புல்லில் என்ன ருசி” என்று சாமானைத் திரும்ப வைத்துவிடுகிற பொம்பிளை. அதனால் பெட்டியை எறிந்துவிட்டு, கேக்கை வெட்டித் தட்டில் வைத்தேன். இறந்துபோன அம்மாவின் பெயரில் கொடுக்கிறேன் என்று எனக்குத் தெரிந்த ஜேர்மனில் சொன்னேன். மார்கிட் இரண்டு துண்டு சாப்பிட்டாள். கண் கலங்கி என் கையைப் பிடித்தாள்.

“ரம் நன்றாக ஊறியிருக்கிறது. உன் அம்மாவுக்கு ரம் பிடிக்குமா?”

சிரித்தேன். எதற்கும் சிரித்துச் சமாளிப்பது என் பழக்கம். பிறகு குப்பைத் தொட்டியிலிருந்து பெட்டியை எடுத்துப் புறத்தால் திருப்பினேன். பொடி எழுத்தில் ரம் என்று இருந்தது. ரம் கரும்பில் வடிப்பது, அதில் மிருகம் ஏது? இலை பொய் சொல்லவில்லை. என்னை வாசிக்க வைக்கத்தான் ஆளில்லை.

வேலை முடிந்ததும் பெட்டியைப் படமெடுத்து நிஸ்பருக்கு அனுப்பினேன். “உம்மாட பேரில ரம் குடுத்திட்டன் மச்சான்.”

முதலில் அவனும் ஒரு படம் அனுப்பினான். எங்கள் வீட்டுக் கத்தத்தில், ஆறு பேர் சேர்ந்து சாப்பிடும் சோற்றுச் சகனைச் சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆறாவது இடம் காலியாக இருந்தது. இங்கே என் மேசையில் மிச்சக் கேக். வழக்கமாக வரும் கிண்டலுக்காகக் காத்திருந்தேன். ஒரே ஒரு வரிதான் வந்தது.

“இனிக் கடைக்குப் போனா எனக்குக் கோல் எடு, புறத்தால திருப்பச் சொல்ல நான் இருக்கன்.”